மழை கூப்பிடத் தடை

ஒரு பக்கக் கன்னம் மழித்தாயிற்று. மற்றப் பக்கம் முழுக்கச் சவர்க்கார நுரை. கழுத்தில் துண்டு, காலில் ஒற்றைச் செருப்பு. இந்தக் கோலத்தில் கோப்பி காயப்போடும் களத்தின் நடுவே நான் நிற்கிறேன். மழை கொட்டுகிறது. என்னைச் சுற்றி இருபது பேர் கையில் வாரிப் பலகையோடு அசையாமல் நிற்கிறார்கள். காலடியில், ஒரு வாரம் வெயிலில் காய்ந்த கோப்பிக்கொட்டை நனைந்துகொண்டிருக்கிறது.

ஒருவராவது ஓடிப்போய் ஒரு கூடையை எடுக்க வேண்டுமே! இல்லை. இருபது பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். நான் உத்தரவு கொடுக்க வேண்டுமாம். சட்டம் அப்படி. அந்தச் சட்டத்தை எழுதிய மகா மேதாவி யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான்.

இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கண்டியில் தோட்ட உத்தியோகத்தர்கள் கூடிய ஒரு விருந்தில் இதைச் சொல்லி மாலைகூட வாங்கினேன். ஆனால் அதன் கடைசிப் பகுதியில் ஒரு பொய் இருந்தது. இத்தனை வாரமாக என் பெருமைகளைப் பொறுத்துக்கொண்ட வாசகர்களிடம் அதை இன்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மாலை காய்ந்து எத்தனையோ வருடமாயிற்று. திருப்பிக் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

கூப்பிட்டவர் தூக்க வேண்டாம்

அப்போது தேயிலை வரவில்லை. தெல்தோட்டைக்கு மேலே மலை முழுக்கக் கோப்பிதான். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், துரையின் பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே ஸ்டோர் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கோட்டு உண்டு, சப்பாத்து உண்டு, தலையில் கனமும் உண்டு.

மலையில் பறித்த பழம் ஸ்டோருக்கு வரும். இயந்திரத்தில் தோலை நீக்கி, தொட்டியில் ஊறவைத்து, கழுவி, கொட்டையைக் களத்தில் பரப்புவார்கள். காயக் காய வாரிப் பலகையால் புரட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு மூட்டை கட்டி, கலஹா வழியாகப் பேராதனை ரயிலடிக்கு மாட்டுவண்டியில் அனுப்புவோம். நனைந்தால் போயிற்று. கொட்டை நிறம் மாறும், வாடை பிடிக்கும், கொழும்பில் முகத்தைச் சுளிப்பார்கள்.

ஆகவே எங்கள் ஒரே எதிரி மழை. அந்த மலையில் மழை சொல்லிவிட்டு வராது. வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே எதிர்ப்பக்கத்து மலை காணாமல் போகும், அடுத்த நிமிடம் மழை நம் தலையில் விழும்.

நான் போவதற்கு முன்பே அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மழையை முதலில் உணர்கிறவர் யாரானாலும் "மழேய்!" என்று கூப்பிடலாம். கூப்பிட்டால் கங்காணிமுதல் எல்லோரும் ஓடிவந்து கொட்டையைக் கூடைகளில் அள்ளி உள்ளே கொண்டுபோக வேண்டும். கூடை பெரியது. இரண்டு காது வைத்தது, இரண்டு பேர் தூக்குவது. கூப்பிட்டவர் மட்டும் தூக்க வேண்டாம். அவர் ஸ்டோர் வாசலில் நின்று சிந்தாமல் வருகிறதா என்று பார்ப்பார். அது அவருக்கு மரியாதை.

இந்த மரியாதை பெரும்பாலும் செல்லாயிக்குத்தான் கிடைக்கும். ஐம்பதை ஒட்டிய வயது. முன்னொரு வருடம் மலையில் பழக்கூடையோடு விழுந்து வலது முழங்கால் உடைந்து, கோணலாகக் கூடியிருந்தது. இனி மலை ஏறமுடியாது என்று ஸ்டோரில் போட்டிருந்தார்கள். கணவன் இல்லை, பிள்ளை இல்லை. ஸ்டோர் வேலைதான் அவளுக்குச் சோறு. மழை வருவதற்கு முன்னால் அந்த முழங்கால் குடையும். உடனே கூப்பிடுவாள்.

எல்லாத் தடவையும் மழை வந்துவிடாது. சில நாள் மலை விளிம்புவரை வந்து, நம்மை எட்டிப் பார்த்துவிட்டு, கெலிஓயாப் பக்கம் திரும்பிப் போய்விடும். அப்போது அள்ளியதை எல்லோருமாகத் திரும்பக் கொண்டுவந்து பரப்புவார்கள். பரப்பும்போது செல்லாயியைக் கேலிசெய்வார்கள்.

"என்னக்கா, ஒங்க முட்டிக்கு இன்னைக்கு லீவா?"

"போடி, ஒன் வாயக் கண்டுதான் மழை பயந்து ஓடிருச்சு!"

அவ்வளவுதான் விசாரணை. தீர்ப்பும் அதுவே.

புத்தகம் படித்த வினை

எனக்கு இது பொறுக்கவில்லை. அள்ளுவதிலும் பரப்புவதிலும் அரை நாள் போகிறது. கூப்பிட்டவளோ தூக்காமல் வாசலில் நிற்கிறாள். பொய்யாகக் கூப்பிட்டாலும் மரியாதை, மெய்யாகக் கூப்பிட்டாலும் மரியாதை. கால் நோகிறவளுக்குத் தூக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி உண்டா? இப்படி என் மூளை வேலை செய்தது.

அந்த மூளைக்கு எண்ணெய் ஊற்றியவர் துரை. சீமையில் நூல் ஆலைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று சொல்லும் தடித்த புத்தகம் ஒன்றை அவர் எனக்கு இரவல் தந்தார். ஆளுக்கு ஒரு வேலை. வேலைக்கு ஒரு மேலாள். பிழைக்கு ஒரு தண்டனை. மேலாள் சொல்லாமல் கீழாள் அசையக் கூடாது. நான் உருகிப்போனேன். அந்தப் புத்தகத்தில் மழை என்ற சொல்லே கிடையாது என்பதை அப்போது கவனிக்கவில்லை. ஆலைக்குக் கூரை உண்டு, ஐயா!

புத்தகத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. இது பிறவிக் கோளாறு. யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தபோது என்னைச் சட்டாம்பிள்ளை ஆக்கினார்கள். வாத்தியார் வெளியே போகும்போது பேசுகிறவர்களின் பெயரைச் சிலேட்டில் எழுதுவது என் வேலை. இருமினால்கூட எழுதினேன். ஒரு நாள் ஆடு ஒன்று வகுப்புக்குள் வந்து வாத்தியார் கதிரையில் போட்டிருந்த சால்வையைத் தின்னத் தொடங்கியது. நான் பின்பக்கம் திரும்பி யார் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பேர் ஆட்டைப் பார்த்தார்கள். ஒருவன்கூட வாய் திறக்கவில்லை. வாத்தியார் வந்தபோது சால்வையில் கரை மட்டும் மிஞ்சியிருந்தது. அடி எனக்குத்தான் விழுந்தது. அன்றைக்கே புத்தி வந்திருக்க வேண்டும். வந்ததா? சட்டாம்பிள்ளைப் பதவி போயிற்றே என்றுதான் அழுதேன்.

ஸ்டோர் கதவில் ஒரு தாளை ஆணி அடித்து மாட்டினேன். இரண்டே விதி. முதலாவது, யார் மழை கூப்பிட்டாலும் கணக்கப்பிள்ளை வந்து வானத்தைப் பார்த்து உத்தரவு கொடுக்கும்வரை யாரும் அசையக் கூடாது. இரண்டாவது, கூப்பிட்டு மழை வராவிட்டால், உள்ளே எடுத்த கோப்பி முழுவதையும் கூப்பிட்டவர் தனியாளாக வெளியே கொண்டுபோய்ப் பரப்ப வேண்டும்.

படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவருமில்லை. ஆகவே நானே கதவருகே நின்று உரக்கப் படித்தேன். முத்துக் கங்காணி, ஸ்டோர் ஆட்களுக்கெல்லாம் பெரியவர், தலையைச் சொறிந்தார்.

"இது சரிப்படாதுங்க, கணக்கப்புள்ள. மழையென்ன நம்மகிட்ட சம்பளமா வாங்குது, சொன்னபடி வர?"

"கங்காணி, உமக்கு விளங்காது. சீமையிலை இப்பிடித்தான் செய்யினம்" என்றேன்.

மூன்றாம் நாள் செல்லாயி கூப்பிட்டாள். நான் வந்து பார்த்தேன், கறுப்பாகத்தான் இருந்தது, உத்தரவு கொடுத்தேன். அள்ளி முடிந்ததும் வெயில் வந்தது. உத்தரவு கொடுத்தது நான். ஆனால் விதியில் கூப்பிட்டவர் என்றுதானே இருக்கிறது!

செல்லாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். இரண்டு பேர் தூக்கும் கூடையை ஒற்றையாகத் தூக்கமுடியாமல், ஒரு காதைப் பிடித்து இழுத்து இழுத்துக் கொண்டுபோனாள். கோணல் காலை ஊன்றும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஒரு பெண் உதவிக்கு ஓடினாள். "விடு, விடு! தனியாள் எண்டால் தனியாள்தான்" என்று நான் அதட்டினேன். கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, கோட்டோடு, நிழலில் நின்று அதட்டினேன். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பொய்க் கூப்பாடு ஒழிந்தது

அதன்பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. மழை நல்லவேளையாக மாலையில் கோப்பியை உள்ளே எடுத்துவைத்த பிறகே வந்துகொண்டிருந்தது. "பொய்க் கூப்பாடு அடியோடு ஒழிந்தது" என்று துரைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். அவர் "வெரி குட்" என்றார். அந்த வெரி குட்டை ஒரு வாரம் மென்றுகொண்டு திரிந்தேன்.

களத்தில் முன்பு எப்போதும் பேச்சும் சிரிப்பும் இருக்கும். அதுவும் நின்றுபோயிற்று. ஆகா, என்ன ஒழுங்கு என்று மகிழ்ந்தேன்.

அந்த வாரம் சவரத்துக்குக் காதர் ஒஸ்தா வந்தார். வாரம் ஒரு தடவை கெலிஓயாவிலிருந்து பெட்டியோடு நடந்தே வருவார். ஸ்டோருக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கன்னம் முடிந்தது.

"கணக்கப்புள்ள, இருட்டிக்கிட்டு வருதே" என்றார் ஒஸ்தா.

"நீர் வெளிச்சத்தை மறைச்சுக்கொண்டு நிக்கிறீர்" என்றேன்.

"நான் இந்தப் பக்கமெல்லோ நிக்கிறேன்" என்றார் அவர்.

"மழையெண்டால் அங்கை கூப்பிடுவினம். நீர் வேலையைப் பாரும்."

முதல் துளி நுரையில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். நான் எழுந்து ஓடினேன். ஒரு செருப்பு சேற்றில் நின்றுவிட்டது. களத்துக்கு வந்தபோது கண்ட காட்சியைத்தான் முதலிலேயே சொன்னேன். இருபது பேரும் நின்ற இடத்தில் நின்று, எதிர்மலை மறைவதையும் மழை பள்ளத்தைத் தாண்டி வருவதையும் பார்த்திருக்கிறார்கள். செல்லாயி முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றாள்.

அப்போதாவது "அள்ளுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? விசாரணை நடத்தினேன்!

"ஏன் ஒருத்தரும் கூப்பிடேல்லை? ஆராவது சொல்லுங்கோவன்!"

செல்லாயிதான் பதில் சொன்னாள். "வராமப் போயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

அந்தக் கேள்விக்கு என் புத்தகத்தில் பதில் இல்லை. பதில் தேடிய நேரத்தில் மீதிக் களமும் நனைந்தது. பிறகுதான் உத்தரவு கொடுத்தேன். கால்வாசி தப்பியது.

பல்வலி

துரை குதிரையில் வந்தார். முதலில் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு களத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"வழக்கமாகக் கூப்பிடுகிற கிழவி எங்கே? ஏன் கூப்பிடவில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் சட்டத்தால்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. "கவனிக்கவில்லைபோலும், சேர்" என்றேன். இரண்டே சொல்லில் ஒரு மனுஷியின் சோற்றில் மண்ணைப் போட்டேன்.

"கவனிக்காதவள் ஸ்டோரில் எதற்கு? நாளையிலிருந்து மலைக்கு அனுப்பு."

அதைச் செல்லாயியிடம் தமிழில் சொல்ல வேண்டியவனும் நானே. தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"சரிங்க" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒஸ்தா அந்த முதல் துளியிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெலிஓயாவுக்கு ஓடிவிட்டார். என்னிடம் சவரக்கத்தி இல்லை. மறுநாள் காலை, அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, பாதித் தாடியை மறைத்து, தாடையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு போனேன். கேட்டவர்களிடம் பல்வலி என்றேன். மலைக்குப் போகிறவர்களோடு செல்லாயியும் ஏறினாள். மூன்று அடி வைப்பாள், நின்று ஒரு கோப்பிச் செடியைப் பிடித்துக்கொள்வாள், மறுபடி மூன்று அடி வைப்பாள். மற்றவர்கள் மேல் வளைவில் மறைந்த பிறகும் அவள் கீழ் வளைவிலேயே நின்றாள்.

நான் வீரன் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்த பிறகு நிற்கமுடியவில்லை. நேரே பங்களாவுக்குப் போனேன். துரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோப்பித் தோட்டத்துத் துரை குடித்தது தேநீர், என்னத்தைச் சொல்ல!

"என்ன, பல்வலியா?" என்றார்.

துண்டை அவிழ்த்தேன். "பல்வலி இல்லை, சேர். நேற்றுச் சொன்னதும் பொய். அவள் கூப்பிடக் கூடாதென்று செய்தவன் நான்." எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோப்பையைத் தட்டில் வைத்தார். "அவளைத் திரும்பக் கூட்டி வா. இனி ஒரு தடவை நனைந்தால் நீ யாழ்ப்பாணத்துக்குப் போகலாம்" என்றார். நான் படியிறங்கும்போது, "அந்தப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைத்துவிடு" என்றார்.

ஒற்றைக் கூடை

செல்லாயி ஸ்டோருக்குத் திரும்பி வந்தாள். ஆனால் கூப்பிடவில்லை. "கூப்பிடு செல்லாயி, ஒண்டும் செய்யமாட்டன்" என்று கெஞ்சினேன். "ஆகட்டுங்க" என்பாள். மேகம் வரும்போது என்னைப் பார்ப்பாள், வாய் திறக்கமாட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. கதவில் தாள் அப்படியே இருந்ததே! அதைக் கிழிக்க என் மானம் விடவில்லை. நானே களத்தில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று கழுத்துச் சுளுக்கியதுதான் மிச்சம்.

அறுவடை முடியும் மாதம். ஒரு நண்பகல், மலை விளிம்பில் கறுப்பாக ஏதோ எழும்பியது. பார்த்தேன். பெருத்துக்கொண்டே வந்தது. "மழை! மழை! அள்ளுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். கடைசிக் கூடை உள்ளே போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது.

"அய்யா, அது அடுத்த தோட்டத்துல புதுக்காட்டுக்குத் தீ வச்ச பொகைங்க" என்றாள் செல்லாயி.

"முதலே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கூப்பிட்டுட்டீங்களேங்க."

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு கதவில் இருந்த தாளைப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான். ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு மனப்பாடம்.

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். ஒரு கூடையின் காதைப் பிடித்தேன். அசையவில்லை. இழுத்தேன். நாலு அடி வந்தது, நான் பின்பக்கமாக விழுந்தேன், கொட்டை என் மடியில் கொட்டியது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தக் களத்தில் கேட்ட சிரிப்பு. முத்துக் கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

இரண்டாம் கூடைக்கு வந்தபோது கை தோல் உரிந்திருந்தது. மறு காதை யாரோ பிடித்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். செல்லாயி.

"விடு. தனியாள் எண்டுதான் சட்டம்" என்றேன்.

"ஒத்தையில இழுத்தா எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "தூக்குங்க."

தூக்கினோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொண்டேன். அன்று மாலை தாளைக் கிழித்தேன்.

இப்போது அந்தப் பொய். ஆட்களின் பயத்தைப் போக்குவதற்காக, வேண்டுமென்றே தவறாகக் கூப்பிட்டு என் தண்டனையை நானே ஏற்றேன் என்றுதான் எல்லா இடமும் சொல்லிவந்தேன். மாலை அதற்குத்தான் விழுந்தது. இளம் கணக்கப்பிள்ளைமார் குறிப்புக்கூட எடுத்தார்கள். அப்படியொரு யோசனை எனக்கு வரவே இல்லை, ஐயா! கண்ணாடி போட வேண்டிய கண். போட்டால் கௌரவம் குறையும் என்று போடாமல் திரிந்தேன். புகையை மழை என்றே நம்பினேன்.

மறுநாள் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. நான் கழுத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

"மழேய்!"

செல்லாயியின் குரல். நான் வானத்தைப் பார்க்கவில்லை. ஓடினேன். எல்லோரும் ஓடினோம், அள்ளினோம், தூக்கினோம். நானும் கங்காணியும் ஒரே கூடை.

மழை வரவில்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லோருமாகத் திரும்ப வெளியே தூக்கத் தொடங்கினோம். செல்லாயி பழைய வழக்கப்படி வாசலில் நின்றாள்.

"சிந்தாமத் தூக்குங்கய்யா" என்றாள் என்னிடம்.